நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்

ஸ்கூடாய்
10 செப்டம்பர் 2022

அன்புள்ள தேவா,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நாம் இருவரும் கத்தத் தொடங்கிவிடுவோம். அதனால் கடிதம். இரண்டரை வருடமாகப் பேசாத அக்கா இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று யோசிப்பாய். சமாதானம் பேச எழுதவில்லை. எனக்கு உன் கையெழுத்து வேண்டும்.

பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தும் கிறிஸ்தவர்களுக்கென்று ஓர் இறையியல் பயிற்சி தொடங்குகிறார்கள். இரண்டு வருடம், கூலாயில், சனிக்கிழமைகளில். ஞாயிறுதான் ஜொகூரில் எங்களுக்கு வேலை நாளாயிற்றே. வளாகத்தில் மதம் பேசச் சொல்லித் தருகிறார்கள் என்று நினைத்துவிடாதே. அங்கே அதற்கு இடமில்லை, நான் இடம் கேட்கவும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஆற்றுத் தண்ணீரை அளக்கிறேன், பிள்ளைகளுக்கு அளக்கச் சொல்லித் தருகிறேன். அந்த வேலைக்கும் நான் கும்பிடுகிற கடவுளுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் எனக்கு வாய் வராது. நாற்பத்தொன்பது வயதில் அது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விண்ணப்பத்தோடு சபைப் பாஸ்டரின் பரிந்துரை வேண்டுமாம். என் பெயர் இன்னும் பாலோ சபைப் பதிவேட்டில்தான் இருக்கிறது. அங்கே பாஸ்டர் நீ. நான் என்ன செய்ய?

நடந்தது எதையும் நான் மறக்கவில்லை. இளைஞர் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, வெள்ளம் கடவுளுடைய கோபமா என்று கேட்டாள். மழையையும், மண் தூர்ந்த ஆற்றையும், மரம் வெட்டி மொட்டையடித்த மேட்டையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ மைக்கை என் கையிலிருந்து வாங்கினாய். “அக்கா, அதெல்லாம் உங்க யுனிவர்சிட்டில பேசுங்க. இங்க வேணாம்” என்றாய். எண்பது பேர் பார்த்தார்கள். அப்புறம் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பேசாமலிருக்க இருவருக்கும் நல்ல சாக்கு.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்குத் தோன்றியதை எழுது. கையெழுத்து மட்டும் போடு.

அக்கா
விஜிதா

*

பாலோ
20 செப்டம்பர் 2022

முனைவர் விஜிதா தம்பிராஜா அவர்களுக்கு,

படிவம் கிடைத்தது.

நான் வங்கி வேலையை விட்டுவிட்டு இறையியல் கல்லூரிக்குப் போனபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? “மூளை இருக்கிறவன் செய்ற வேலையா இது?” நான்கு வருடம் படித்தேன். மலருக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. வாரத்தில் மூன்று நாள் மீ நூடுல்ஸ் மட்டும்தான் சாப்பாடு. இப்போது அதே படிப்பை நீங்கள் சனிக்கிழமைகளில், ஏர்கோன் போட்ட அறையில் உட்கார்ந்து முடித்துவிடப் போகிறீர்கள். டாக்டர் பட்டம் போதவில்லை போலும். கடவுளைப் பற்றியும் ஒரு சான்றிதழ் தேவைப்படுகிறது.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பரிந்துரைக்கான இடத்தில் மனசாட்சிப்படி இதை எழுதினேன்: ‘இவருடைய விசுவாசத்துக்கு என்னால் சாட்சி சொல்ல முடியவில்லை. பிடிவாதத்துக்குச் சொல்ல முடியும். தொடங்கியதை முடிக்காமல் விடமாட்டார்.’

நம் ஊர் ஆற்றுக்கு நீங்கள் போட்ட வெள்ள வரைபடம் சபை மண்டபச் சுவரில் அப்படியே இருக்கிறது. கோபத்தில் கழற்றிவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். மழை பிடித்தால் தோட்டத்து லைன் வீட்டு ஆட்கள்கூட வந்து பார்க்கிறார்கள். சிவப்பு என்றால் ஓடு, மஞ்சள் என்றால் கிளம்பு, பச்சை என்றால் பயமில்லை. “பாஸ்டரோட அக்கா போட்டது” என்று யாராவது சொல்லும்போது நான் மறுப்பதில்லை.

தேவானந்தன்

*

ஸ்கூடாய்
26 நவம்பர் 2022

அன்புள்ள தேவா,

நேர்முகத் தேர்வில் உன் பரிந்துரையைச் சத்தமாக வாசித்தார்கள். தேர்வாளர்கள் மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த இடத்திலேயே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். உனக்கு நன்றி சொல்ல எனக்கு இத்தனை வாரம் பிடித்தது.

ஏர்கோன் கிடையாது. துணி துவைக்கும் ஒரு டோபிக் கடைக்கு மேல் மாடி. கீழே இயந்திரங்கள் சுற்றும்போது எங்கள் நாற்காலியும் ஆடும். மொத்தம் பதினொரு பேர். கணக்கியல் சொல்லித் தரும் கமலநாதன், பல் மருத்துவம், சட்டம், மீன் வளர்ப்பு என்று ஆளுக்கொரு துறை. எங்களுக்குப் பாடம் எடுப்பவர் ரூபினி. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். இறையியலில் முனைவர். குரலை உயர்த்தமாட்டாள், ஆளையும் விடமாட்டாள்.

முதல் கட்டுரை: ‘உன் துறையைக் கடவுளுக்கு முன்னால் வை.’ இருபது பக்கம் எழுதினேன். என்னுடைய ஆய்வுகள், நம் ஊர் ஆற்றுக்கு நான் போட்ட வரைபடம், அதற்குக் கிடைத்த விருது, அதற்குப் பிறகு படைப்பின் ஒழுங்கைப் பற்றி நாலு பக்கம். எனக்கு என்ன மதிப்பெண் தெரியுமா? சி. அதிலும் மைனஸ். என் வாழ்க்கையில் சி வாங்கியதில்லை. அவளிடமே போய்க் கேட்டேன்.

“நல்லா எழுதியிருக்கீங்க டாக்டர். ஆனா இதுல ஆறும் இல்ல, கடவுளும் இல்ல. நீங்க மட்டுந்தான் இருக்கீங்க.”

எனக்குக் காது சுட்டது. அவள் இன்னொன்றும் கேட்டாள். “உங்க கணக்கு தப்பாப் போச்சுன்னா யாரு வீட்டுக்குள்ள தண்ணி போகும்? அவங்க பேரு தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது, தேவா. வரைபடத்தில் வீடுகளுக்கு எண்தான் போட்டிருந்தேன்.

சிரி, பரவாயில்லை. சி மைனஸ் என்று மலரிடமும் சொல். ஆனால் நான் நிற்கப் போவதில்லை. அடுத்த பேராசிரியர் நியமனத்துக்கு என் பெயர் போகிறது. அந்தக் கோப்பில் முதல் பக்கமே நம் ஊர் ஆற்றைப் பற்றிய கட்டுரைதான். ஒரு பக்கம் பேராசிரியர், ஒரு பக்கம் சி மைனஸ். இரண்டையும் சுமந்துகொண்டு சனிக்கிழமை தவறாமல் அந்த மாடிப்படி ஏறுகிறேன்.

அக்கா

*

பாலோ
9 மார்ச் 2023

அக்கா,

செய்தியில் பார்த்திருப்பீர்கள். நீங்கள் அனுப்பிய மெசேஜ்களுக்குப் பதில் போடவில்லை, தெரியும். இப்போது எழுதுகிறேன்.

மார்ச் இரண்டாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்குத் தண்ணீர் மண்டபத்துக்குள் வந்தது. உள்ளே முப்பத்தொரு பேர். பாதிப் பேர் லைன் வீடுகளிலிருந்து வந்தவர்கள், நம் சபையே இல்லை. நம்பி வந்தவர்கள். அரை மணி நேரத்தில் முழங்காலுக்கு மேல் ஏறியது. மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் பிள்ளைகளை ஏற்றினோம். லோரி ஓட்டும் அர்ச்சுனன் தன் லோரியைத் தண்ணீருக்குள் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். எல்லாரையும் ஏற்றிவிட்டோம். உயிர்ச் சேதம் இல்லை. ஆண்டவருக்கு நன்றி.

வெள்ளையம்மா என்று ஒருவர், அறுபத்தேழு வயது, படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. க்ளுவாங் மருத்துவமனையில் இருக்கிறார்.

உங்கள் வரைபடத்தில் நாங்கள் பச்சை, அக்கா. நடுப் பச்சை.

வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

தேவானந்தன்

*

ஸ்கூடாய்
25 மார்ச் 2023

தேவா,

உன் கடிதம் வந்த அன்றே பழைய கோப்புகளை எடுத்தேன். நாலு நாள் தேடினேன். கிடைத்துவிட்டது.

2014இல் நம் ஊர்ப் பாலத்தை இடித்துக் கட்டினார்கள். தூணில் இருந்த நீர்மட்டப் பலகையைப் புதுத் தூணுக்கு மாற்றினார்கள். மாற்றும்போது அதன் பூஜ்யம் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் நகர்ந்துவிட்டது. அடுத்த வருடம் நான் கணக்குப் போட்டபோது பழைய பதிவேட்டில் இருந்த எண்ணையே எடுத்துப் போட்டேன். நானே பாலத்துக்குப் போய் அளந்து பார்த்திருக்கவேண்டும். அரை நாள் வேலை. மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப அன்று கடைசி நாள். போகவில்லை. அந்த அரை நாளை மிச்சம் பிடித்ததால் ஆறு என் கணக்கில் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்தே ஓடியது. மண்டபம் மஞ்சளாக இருந்திருக்கவேண்டும். முதல் எச்சரிக்கையிலேயே நீங்கள் கிளம்பியிருக்கவேண்டும்.

எங்கள் துறைத் தலைவர் ஹேமநாதனிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்தார். “யாருக்குத் தெரியும் விஜிதா? அந்த மழைக்கு யாரு கணக்குமே நின்னிருக்காது. பருவநிலை மாற்றம்னு ரெண்டு வரி எழுதினா முடிஞ்சது. ரெண்டு மாசத்துல உங்க புரொபசர் ஃபைல் மேல போகுது லா. ஆனப்புறம் மெதுவாத் திருத்திக்கலாம்.” அவர் கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை வகுப்பில் எழுந்து சொன்னேன். கமலநாதன்தான் வாயைத் திறந்தார். “எங்க கிட்ட சொல்றது ஈசி டாக்டர். ஜர்னலுக்கு எழுதிட்டீங்களா?” எழுதவில்லை. எனக்கு, ‘அவங்க பேரு தெரியுமா?’ என்ற ரூபினியின் பழைய கேள்வி ஞாபகம் வந்தது. இப்போது ஒரு பெயர் தெரியுமே.

மறுநாள் லீவு போட்டுவிட்டு க்ளுவாங்குக்குப் போனேன். வெள்ளையம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “நான் பாஸ்டரோட அக்கா. அந்த மேப் நான் போட்டது. அதுல தப்பு இருக்கும்மா” என்றேன்.

“மேப்பா? அதெல்லாம் எனக்கு என்னா தெரியும்? ஆபீசுலேருந்து வந்து ஸ்கூலுக்குப் போயிருங்க, அது மேடுன்னு சொன்னாங்க. பாஸ்டர்தான் வேணாம், இது ஆண்டவர் வீடு, இங்க தண்ணி ஏறாதுன்னாரு. நல்ல மனுசன், சரின்னு இருந்துட்டோம்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். “கேட்டுட்டீங்கல்ல, சரி. அந்தத் தண்ணி போத்தல எடுங்க, எனக்கு எட்டல” என்றார்.

அதிகாரிகள் வந்து சொன்னதை நீ எனக்கு எழுதவில்லை, தேவா. என் பங்கைக் குறைத்துக்கொள்ள இதைக் கேட்கவில்லை. என் பங்கு நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டரையும் நான் உன் தலையில் வைக்கமாட்டேன். மிச்சம் என்ன என்று உன்னிடமிருந்தே கேட்கவேண்டும்.

ஜர்னலுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு திருத்தம் வெளியிடும்படி. திரையில் அப்படியே திறந்து கிடக்கிறது. இன்னும் அனுப்பவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா

*

பாலோ
4 ஏப்ரல் 2023

அன்புள்ள அக்கா,

ஆமாம். அவர்கள் வந்தார்கள். காலை பத்து மணிக்கே வந்தார்கள். இரண்டு முறை சொன்னார்கள்.

அந்த மண்டபத்தைக் கட்ட எங்களுக்கு ஆறு வருடம் ஆனது. முதல் முறையாக வெளி ஆட்கள் அதில் தங்க வந்திருந்தார்கள். சபைக்கு வராதவர்கள், நெற்றியில் திருநீறு பூசுபவர்கள், எல்லாரும் நம் கூரையின் கீழ். நான் பிரசங்கமே பண்ணிவிட்டேன், அக்கா. ஆண்டவர் வீட்டுக்குத் தண்ணீர் வராது என்று. அவர்கள் இரண்டாவது முறை வந்தபோது உங்கள் வரைபடத்தைக் காட்டினேன். “சாரி டுவான், இது டாக்டர் போட்ட மேப், இங்க பச்சை” என்று அந்த அதிகாரியிடம் சொன்னேன். மைக்கைப் பிடுங்கி உங்கள் வாயை அடைத்தவன் நான்தான். அன்றைக்கு உங்கள் படிப்பு எனக்கு வேண்டியிருந்தது. அதைக் காட்டி என் வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டேன்.

பிறகு உங்களுக்கு அந்த நாலு வரி எழுதினேன். எல்லாவற்றையும் உங்கள் பச்சையின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். மலர்தான், “என்னாங்க எழுதியிருக்காங்க அக்கா?” என்று கேட்டாள். கொடுத்தேன். படித்துவிட்டு, “அவங்க ஜர்னலுக்குச் சொல்லணும், நீங்க சபைக்குச் சொல்லணும். வேற என்னா இருக்கு இதுல?” என்று சொல்லிவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டாள்.

குருத்தோலை ஞாயிறன்று சொன்னேன். எல்லார் கையிலும் ஓலை. பாட்டு முடிந்ததும் பிரசங்க மேடைக்கு ஏறாமல் கீழேயே நின்று சொன்னேன். காலை பத்து மணிக்கு என்ன நடந்தது, நான் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன். ‘நம் சபை பெரியது என்று ஊர் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்’ என்பதையும் சொன்னேன். வாசல் பக்கம் அர்ச்சுனன் நின்றிருந்தார். வெள்ளையம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர், நம் சபை இல்லை, சும்மா பார்க்க வந்தவர். அவர்தான் பேசினார். “பாஸ்டர், அடுத்த தடவ காலையிலேயே போன் பண்ணுங்க. லோரி வீட்டுலதான் நிக்கும்.”

சிலர் சிரித்தார்கள். சிலர் அழுதார்கள். ஒரு குடும்பம் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டது. அது எனக்கு வரவேண்டியதுதான்.

நான் சொன்னதைக் கேட்டது அறுபது பேர். நீங்கள் சொல்லப்போவதை உலகமே படிக்கும். பேராசிரியர் பதவி போனாலும் போகும். அனுப்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அனுப்பாதீர்கள் என்று சொல்லவும் வரவில்லை. நீங்கள் எதைச் செய்தாலும் நான் உங்கள் பக்கம் நிற்பேன். இதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும்.

தம்பி
தேவா

*

ஸ்கூடாய்
29 ஜூலை 2023

அன்புள்ள தேவா,

உன் கடிதத்தைப் படித்த கையோடு பொத்தானை அழுத்தி ஜர்னல் கடிதத்தை அனுப்பிவிட்டேன். உனக்கு இதைச் சொல்லவேயில்லை. ஆற்றை மறுபடி அளக்க ஜூன் மாதம் முழுவதும் நேரில் பார்த்துக்கொண்டோம், அப்போதும் சொல்லவில்லை. முடிவு தெரிந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

திருத்தம் வெளியாகிவிட்டது. நாலு பத்தி. பிழை என்னுடையது, வேறு யாருடையதும் அல்ல என்று முதல் வரியிலேயே போடச் சொன்னேன். என் கோப்பு மேலே போகாமலே திரும்பி வந்துவிட்டது. ‘தற்சமயம் பரிசீலிக்க இயலாது.’ ஹேமநாதன் இரண்டு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். “2017ல நான் எழுதுன பேப்பர் ஒன்னு இருக்கு. அந்த அளவ நானும் நேர்ல போய்ப் பாக்கல. கூட வாறீங்களா?” என்று கேட்டார். அடுத்த வாரம் போகிறோம்.

எனக்கு அவமானமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. ஆனால் அந்த நாலு பத்தியை அச்சில் பார்த்தபோது எனக்கு விருது வாங்கியபோதுகூட வராத ஒரு நிமிர்வு வந்தது. இது தப்பா என்று ரூபினியிடம் கேட்டேன். இறையியலில் பெருமை பாவமாயிற்றே.

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். “உங்க வேலைய உங்களுக்குன்னு வச்சிருந்தப்ப வந்தது வேற. இப்ப அதக் குடுத்துட்டீங்க. குடுத்தது நல்லா இருக்கேன்னு சந்தோசப்படுறது தப்பில்ல டாக்டர்.” இந்த முறை கட்டுரைக்கு என்ன மதிப்பெண் என்று நீ கேட்பாய். பி. அவள் அவ்வளவு லேசாகக் கொடுக்கமாட்டாள்.

நாம் ஜூனில் எடுத்த அளவுகளைச் சரிபார்த்துவிட்டேன். நீ பிடித்த அளவுகோல் ஏழு இடங்களில் சாய்ந்திருந்தது. அர்ச்சுனன் பிடித்தது ஒன்றுகூடச் சாயவில்லை. சாய்ந்த ஏழையும் நானே போய் மறுபடி எடுத்தேன். புது வரைபடம் தயார். வீடுகளுக்கு எண் போடவில்லை. உன் சபையாரும் லைன் வீட்டு ஆட்களும் சொன்னபடி பெயர்களைப் போட்டிருக்கிறேன். மண்டபம் மஞ்சள். கோபித்துக்கொள்ளாதே.

வெள்ளையம்மா தடி வைத்து நடக்கிறார். போன வெள்ளிக்கிழமை போயிருந்தேன். பால் விடாத தே ஓ போட்டுக் கொடுத்து, எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று ஒரு மணி நேரம் விசாரித்தார்.

அக்கா

*

பாலோ
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

சான்றிதழ் விழாவுக்கு வந்ததற்கு நன்றி என்று மெசேஜ் போட்டிருந்தீர்கள். மெசேஜில் பதில் சொன்னால் ஒரு பூப்படத்தைப் போட்டு முடித்துவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வாசலில் பெயர் எழுதும் பெண் என் சட்டையைப் பார்த்துவிட்டு, “எந்தச் சபை பாஸ்டருங்க? முன் வரிசையில சீட்டு இருக்கு” என்றாள். “பாஸ்டரா வரல. விஜிதாவோட தம்பி” என்றேன். அப்படிச் சொல்லிப் பல வருடம் ஆகிவிட்டது. அவள் உடனே எழுந்து நின்றாள். “டாக்டர் விஜிதாவா? அப்ப நீங்க இங்க வாங்க” என்று தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தாள்.

பதினொரு பேரில் ஒன்பது பேர் முடித்திருந்தீர்கள். ஒவ்வொருவரும் இறுதிக் கட்டுரையிலிருந்து ஒரு பக்கம் வாசித்தார்கள். கமலநாதன் நன்றாகப் பேசினார், சட்டம் படிப்பிக்கும் அந்த அம்மாவும். உங்கள் முறை வந்தபோது நீங்கள் ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தேன். அந்த நாலு பத்தியை வாசித்தீர்கள். எண், தேதி, பிழை. அதற்குப் பிறகு அன்று மண்டபத்தில் இருந்த முப்பத்தொரு பேரின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். காகிதத்தைப் பார்க்காமலே சொன்னீர்கள், அக்கா. எனக்கே முழுதாகத் தெரியாத பெயர்கள். நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், பண்ணியிருக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. இது உங்கள் யுனிவர்சிட்டியிலும் பேசலாம், என் சபையிலும் பேசலாம், ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலும் பேசலாம்.

ரூபினி சான்றிதழைக் கொடுத்தபோது நான்தான் முதலில் எழுந்து கைதட்டினேன். நீங்கள் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் எதிர் சீட்டில் ஒரு பெண். சிங்கப்பூரில் வேலையாம், பெக்கோக்கில் வீடாம், லீவுக்குப் போகிறாள். என் கையிலிருந்த நிகழ்ச்சி அட்டையைப் பார்த்துவிட்டு, “பட்டமளிப்புக்குப் போயிட்டு வாறீங்களா அண்ணே? யாருக்கு?” என்றாள்.

“என் அக்காவுக்கு.”

“என்ன செஞ்சாங்க?”

“ஒரு கணக்கு தப்பாப் போட்டாங்க. அத அவங்களே கண்டுபிடிச்சு வெளிய சொன்னாங்க.”

“ஐயோ, எதுக்குச் சொன்னாங்க? சொல்லாட்டி யாருக்கும் தெரிஞ்சிருக்காதே!”

லாயாங் லாயாங் தாண்டி, ரெங்காம் தாண்டி, க்ளுவாங் தாண்டி, அதைத்தான் அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். என் பங்கையும் சொன்னேன், மறைக்கவில்லை. பாலோ வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் கதவு வரைக்கும் கூடவே வந்தாள்.

“அண்ணே, உங்க அக்கா பேரு என்ன? புரொபசரா அவங்க?”

“விஜிதா தம்பிராஜா. புரொபசர் இல்ல” என்றேன்.

அந்த ‘இல்ல’வை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன், அக்கா. பிளாட்ஃபாரத்தில் இறங்கிய பிறகும் நிமிர்ந்துதான் நடந்தேன்.

உங்கள் தம்பி
தேவா